கோடை வராத வருஷத்தின் கடைசி மடிப்பு

ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறாம் வருஷத்துக் குளிர் பரங்கித்துறைக்கு வந்து சேர இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்து சேர்ந்ததும் எப்போது என்கிறீர்கள், ஒரு மே மாதத்து மத்தியானம், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, கரண்ட் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தபோது, பழைய பாதிரிமார்கள் விட்டுப்போன புஸ்தகச் சாலையில் தபீத்தாள் என்கிற ஐம்பத்தொன்பது வயதுக்காரி கொய்யாப்பழம் நறுக்குகிற கத்தியை எடுத்து ஒரு ஜெர்மன் புஸ்தகத்தின் ஓரத்தில் வைத்து இழுத்தபோது.

அந்தப் புஸ்தகச் சாலையை முப்பத்தொரு வருஷமாகத் தூசி தட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். திங்கட்கிழமை ஜெர்மன் அலமாரி, செவ்வாய்க்கிழமை லத்தீன், புதன்கிழமை என்ன பாஷை என்று யாருக்கும் தெரியாத அலமாரி. ஒன்றிலும் ஓர் எழுத்து அவளுக்குத் தெரியாது. வருஷத்துக்கொரு முறை எழுதி அனுப்புகிற பட்டியலில், நீல அட்டை போட்ட அந்தத் தடிமனான புஸ்தகத்துக்கு நேரே, 'பக்கங்கள் ஒட்டியுள்ளன' என்று முப்பத்தொரு தடவை எழுதியிருக்கிறாள். உப்புக்காற்றில் ஒட்டிக்கொண்டது என்று அவள் நினைப்பு, இல்லாவிட்டால் பைண்டு பண்ணினவன் குடித்துவிட்டுப் பண்ணினது. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் புஸ்தகங்கள் காகிதத்தை மடித்தது மடித்தபடியே விற்பனைக்கு வரும், வாங்கினவன்தான் கத்தியும் கையுமாக உட்கார்ந்து மடிப்பை வெட்டி வெட்டிப் படிக்க வேண்டும் என்கிற சங்கதியை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆக, அந்தப் புஸ்தகத்தை ஆக்கின நாளிலிருந்து ஒரு மனுஷன் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை என்று அர்த்தம். பாவம், அது கப்பலேறி இவ்வளவு தூரம் வந்ததே வீண்.

அன்றைக்கு அவளுடைய மகன் எபநேசரின் பிறந்தநாள். கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் மனசு கண்ட இடத்துக்கெல்லாம் போகும் என்பதால்தான் கத்தியை எடுத்தாள், வேறு ஒரு காரணமும் இல்லை.

மடிப்பு பிரிந்ததும் ஈரக் கம்பளி வாசனையோடும் விறகுப்புகை வாசனையோடும் ஒரு குளிர் வெளியே வந்தது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்தது, சொம்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாக ஒரு படலம் கட்டியது. தபீத்தாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காய்ச்சல்தான் வந்துவிட்டது என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மீன்கூடையோடு பவுனு உள்ளே நுழைந்தாள். தினமும் விற்று முடித்தபின் அங்கே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவது அவள் வழக்கம்.

"என்னக்கா, ஒரு வார்த்தை சொல்லாம ஏசி போட்டுட்டியா?"

"கரண்டே இல்லடி. எனக்குக் காய்ச்சல்."

"உனக்குக் காய்ச்சல்னா எனக்கு எதுக்குப் பல்லு கிட்டுது?" என்ற பவுனு, கூடையை இறக்கிவைத்துவிட்டு அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். விற்காமல் மிஞ்சியிருந்த நாலு சங்கரா மீனும் சாயங்காலம்வரை அப்போதுதான் வலையிலிருந்து எடுத்தது போலக் கண் பளபளவென்று கிடந்தன. அதைப் பார்த்ததும் பவுனு எழுந்து கடற்கரைக்குப் போனாள். பவுனு கடற்கரைக்குப் போய் ஒரு விஷயத்தைச் சொன்னால் அப்புறம் ஊருக்குத் தண்டோரா போட வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் பரங்கித்துறையில் பாதி ஊர் புஸ்தகச் சாலை வாசலில் நின்றது. மூன்றாம் நாள் முழு ஊரும் நின்றது. இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, அடுத்த மடிப்பை எப்போது வெட்டுவாய் என்றுதான் கேட்டார்கள். ஒரு மடிப்பு வெட்டினால் புஸ்தகச் சாலையும் அதன் முன்னாலிருந்த மூன்று தெருக்களும் ஒரு பகல் முழுக்கக் குளிர்ந்து கிடந்தன. பூக்காரிகள் மல்லிகைக் கூடைகளைக் கொண்டுவந்து ஜன்னலோரம் அடுக்கினார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் லத்தீன் அலமாரிக்குக் கீழே பாய் விரித்தார்கள், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு நாற்காலி என்று பஞ்சாயத்துத் தலைவர் நூருல் அமீன் சொல்லிவிட்டார், என்றைக்கோ ஊட்டிக்கு டூர் போனபோது வாங்கின ஸ்வெட்டர்களும் குரங்குக் குல்லாய்களும் பெட்டிக்கடியிலிருந்து வெளியே வந்து அந்துருண்டை வாசனை அடித்தன. டீக்கடை எதிர்வாடைக்கு மாறியது. தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வெப்பமானியோடு விசாரிக்க வந்தார், 'இயற்கைக் காரணம்' என்று எழுதி முடித்தார், அப்புறம் மேஜைமேல் தலையைச் சாய்த்து நாலரை மணிவரை குறட்டை விட்டுவிட்டு, அடுத்த வாரம் மறுபடி விசாரிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். கோழிகள்தான் கோபித்துக்கொண்டு முட்டையிடுவதை நிறுத்தின.

கத்தியைத் தபீத்தாள் மட்டும்தான் பிடிக்க வேண்டும் என்பது சட்டமானது டீ மாஸ்டரால். அந்த மனுஷன் ஆர்வக்கோளாறில் இரண்டு மடிப்பை ஒரே இழுப்பில் வெட்டிவிட்டார். தெருவில் ஆலங்கட்டி கொட்டி, ஓர் ஆடு செத்து, பள்ளிவாசல் கூரையில் பதினாறு ஓடு உடைந்தது. அதற்கப்புறம் எந்தெந்த நாளில் வெட்டுவது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். மொத்தம் எத்தனை மடிப்பு என்று தபீத்தாள் எண்ணிச் சொன்னாள், மிச்சம் எத்தனை என்பதை வாசலில் ஒரு கரும்பலகையில் தினமும் எழுதிவைத்தார்கள்.

ஜூலை மாதம் அந்தப் பழைய புஸ்தகங்களைப் பார்க்க உர்சுலா என்று ஒரு ஜெர்மன்காரி வந்தாள். தமிழை மேடையில் பேசுவதுபோலப் பேசுவாள். நீல அட்டையைத் திறந்து முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தபீத்தா அம்மா, இது உங்கள் தீபாவளி மலர் போன்றது," என்றாள். "ஓர் ஆண்டில் எழுதப்பட்ட கவிதை, கதை எல்லாவற்றையும் திரட்டி ஆண்டு முடிவில் போடுவார்கள். இது ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறுக்கு உரியது. அதற்கு முந்தைய ஆண்டு கிழக்குக் கடல் தீவு ஒன்றில் எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பல் சூரியனை மறைத்தது. எங்கள் நாடுகளில் அந்த ஆண்டு கோடையே வரவில்லை. பயிர் இல்லை. ஓயாத மழை. எழுதுகிறவர்கள் வீட்டுக்குள் அடைபட்டு எழுதினார்கள், குளிர் எழுத்தில் இறங்கிவிட்டது." அவ்வளவுதான் விளக்கம். எழுத்தில் இறங்கின குளிர் வெட்டினால் வெளியே வரத்தானே செய்யும் என்று ஊரும் தலையாட்டியது.

அவள் இருந்த பத்து நாளில் ஊருக்கு இலக்கியம் பிடிபட்டுவிட்டது. கவிதை என்றால் அரைப்பகல் தாங்கும், லேசான குளிர், கல்யாண வீட்டுக்கு ஏற்றது. பிரசங்கம் என்றால் வறட்டுக் குளிர், உதடு வெடிக்கும், ஆனால் ஒரு சொட்டு ஈரம் இல்லாததால் அரிசி மூட்டைக்காரர்கள் விரும்பினார்கள். பேய்க்கதை மடிப்பு வெட்டினால் குளிரோடு முதுகில் யாரோ கைவைப்பதுபோல ஒரு சிலிர்ப்பும் வரும், அதைப் பிள்ளைகள் சனிக்கிழமைக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நீண்ட கதைதான் உசத்தி. ஒரு மடிப்பு இரண்டு நாள் நிற்கும்.

நீண்ட கதையை எதற்கு வைத்துக்கொள்வது என்பதை ஆகஸ்டில் செத்துப்போன அரிசிக்கடைக்காரர் தீர்மானித்தார். அவருடைய மூன்று மகன்களும் மூன்று தேசத்தில் இருந்தார்கள். பரங்கித்துறையில் எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் அதுதான் கதை, பெற்றவர்கள் இங்கே, பிள்ளைகள் சிங்கப்பூரிலும் குவைத்திலும் கனடாவிலும், அங்கிருந்து லீவு கிடைத்து டிக்கெட் கிடைத்து வந்து சேரும்வரை செத்தவர்கள் காத்திருக்க வேண்டும். அதற்கு ஐஸ்பெட்டி வாடகைக்கு விடுகிற கலியமூர்த்தி இருந்தார், ஆனால் கரண்ட் போனால் அவர் பெட்டியும் வெறும் பெட்டிதான். அரிசிக்கடைக்காரரின் தலைமாட்டில் ஒரு நீண்ட கதையின் மடிப்பை வெட்டி வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து மகன்கள் வந்தபோது அப்பா அப்போதுதான் கண்ணயர்ந்ததுபோலப் படுத்திருந்தார். மூத்தவன் அவர் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "வெளிநாட்டுல இருந்து நான் வந்திருக்கேன், உங்க கன்னம் எதுக்குப்பா எங்க ஊரு மாதிரி குளிருது?" என்று அழுதான்.

அதற்குப் பிறகு கல்யாணக்காரர்களும் பூக்காரிகளும் மெல்ல ஒதுங்கிக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, ஆனால் மடிப்புகள் காத்திருக்கிறவர்களுக்கு என்று ஆகிவிட்டது. மழைக்காலம் முழுக்கவும், தைக்குப் பிறகும், ஊர் சாவுகளை அந்தப் புஸ்தகமே தாங்கியது. கலியமூர்த்தி ஐஸ்பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஜெராக்ஸ் கடை வைத்தார்.

தபீத்தாளுக்கு அந்த வருஷத்தைப்போல ஆட்கள் சூழ்ந்த வருஷம் வாழ்க்கையில் கிடையாது. அந்த வருஷத்தைப்போலத் தனியாக இருந்ததும் கிடையாது. வருகிறவன் போகிறவனெல்லாம் "அக்கா, வெட்டியாச்சா?" என்றான், "இன்னைக்குக் கவிதையா, கதையா?" என்றான், ஒருத்தன் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கவில்லை. நூறு பேருக்கு நடுவில் கத்தியும் கையுமாக உட்கார்ந்திருப்பாள், சாயங்காலம் குளிர் ஆறினதும் அவரவர் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அவளும் நாற்காலிகளும்தான் மிச்சம். பவுனு ஒருத்திதான் கேட்பாள். "தின்னியாக்கா? என்ன தின்ன? பொய் சொல்லாத, உன் அடுப்பு எரியலன்னு சந்துல வரும்போதே தெரிஞ்சிச்சு," என்று சொல்லி, தூக்குவாளியைத் திறந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, தின்று முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தபீத்தாள் ஊருக்குச் சொன்ன கணக்கில் ஒன்று குறைவு. அறுபத்திரண்டு மடிப்பு இருந்தது, அறுபத்தொன்று என்றாள். கடைசி மடிப்பைத் தையலோடு அறுத்தெடுத்து, கல்யாணப் புடவையில் சுற்றி, தன் வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

"கடைசி மடிப்பு காணவில்லையே, தபீத்தா அம்மா," என்று உர்சுலா கேட்டாள். "பனியில் வழி தவறிப்போகிற மணியடிப்பவன் கதை. அவன் வீடு வந்து சேர்ந்தானா என்பது அதில்தான் இருக்கும்."

"கரையான் தின்னுடுச்சு," என்றாள் தபீத்தாள்.

கரையான் ஒரு மடிப்பை மட்டும் கத்தியால் வெட்டினதுபோலத் தின்னுமா? உர்சுலா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நீல அட்டையை மூடிவைத்தாள்.

எபநேசர் நார்வே பக்கம் கப்பலில் வேலைக்குப் போனவன். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, கட்டின பிறகு போனில் சொன்னான். புருஷனும் இல்லாமல் ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவளுக்கு, தன்னைக் கேட்காமல் செய்துவிட்டானே என்று வயிறு எரிந்தது. "என் மூஞ்சியில முழிக்காத. என் சாவுக்குக்கூட நீ வரக்கூடாது," என்று சொல்லி போனை வைத்தாள். கோபத்தில் எந்தத் தாயும் சொல்வதுதான், எந்தப் பிள்ளையும் இரண்டு நாளில் மறப்பதுதான். ஆனால் எபி சின்ன வயதிலிருந்தே அம்மா சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. ஒன்பது வருஷமாயிற்று. அவனும் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை.

நடுவில் பவுனு எபியின் சிநேகிதன் ஒருவனைப் பிடித்து, எபியின் போன் நம்பரை வாங்கிவந்து, காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் கிழித்துப்போடுவாள் என்று தெரிந்து, அடுப்புக்கரியால் தபீத்தாள் வீட்டுச் சுவரில் கொட்டை கொட்டையாக எழுதிவிட்டுப் போனாள். "இப்ப கிழி பாப்போம்," என்றாள். தபீத்தாள் ஒரு மாசம் அவளோடு பேசவில்லை. ஆனால் கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்க வந்தவனிடம், "அந்த எடத்த மட்டும் விட்டுட்டு அடிப்பா," என்று சொன்னாள். ஒவ்வொரு வருஷமும் அப்படியே சொன்னாள்.

எதற்கென்று தெரியாமலே ஒளித்துவைத்த அந்தக் கடைசி மடிப்பு எதற்கென்று, அரிசிக்கடைக்காரரின் மகன் அப்பா கன்னத்தைத் தொட்ட அன்றைக்குத்தான் அவளுக்கே புரிந்தது. உயிரோடு இருக்கும்போது கூப்பிட ரோஷம் விடாது. செத்துப்போனால் ரோஷம் ஏது? ஊர்க்காரர்கள் சொல்லி அனுப்புவார்கள், சாவுக்கு வராதே என்று சொன்னாலும் பிள்ளை வராமலா போய்விடுவான், நார்வேயிலிருந்து வந்து சேர எப்படியும் இரண்டு நாள் ஆகும், அதுவரை அவனுக்காக உடம்பு கெடாமல் காத்திருக்க வேண்டும். வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பான். அது போதும். மடிப்பைத் தலைமாட்டில் வெட்டிவைக்கச் சொல்லிப் பெட்டிமேல் ஒரு சீட்டும் ஒட்டிவைத்திருந்தாள்.

மறுவருஷம் ஏப்ரலில் கரும்பலகையில் சைபர் விழுந்தது. குளிர் தீர்ந்ததும் ஆட்கள் வருவதும் தீர்ந்தது. டீக்கடை பழைய இடத்துக்கே போனது. தபீத்தாள் திங்கட்கிழமை ஜெர்மன், செவ்வாய்க்கிழமை லத்தீன் என்று தூசி தட்டிக்கொண்டிருந்தாள். பவுனு மட்டும் கூடையை இறக்கிவைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, "தின்னியாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, மீன் ஏலம் எடுக்கிற இடத்தில், விலை கேட்டுக்கொண்டிருந்த பவுனு பாதி வார்த்தையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மார்வலி என்றார்கள். ஐம்பத்தாறு வயது. புருஷன் கடலோடு போய் வெகுகாலம், இருந்தது அஞ்சலை என்று ஒரே மகள், குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள்.

தபீத்தாள் போய்ப் பவுனுவின் காலடியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "தின்னியான்னு இனிமே யாருடி கேப்பா? சொல்லிட்டுப் போனா என்ன?" என்று அந்தக் காலைப் பிடித்து ஆட்டினாள்.

அப்போதுதான் போன் வந்தது. "பெரியம்மா, நான் அஞ்சலை," என்றது குரல், அப்புறம் கொஞ்ச நேரம் வெறும் அழுகை. "அந்த வீட்டம்மா பாஸ்போர்ட்டக் குடுத்துட்டாங்க பெரியம்மா. சனிக்கிழமை மத்தியானம் வந்துருவேன். எங்கம்மாவ எடுத்துறாதீங்க. புஸ்தகம் தீந்துபோச்சுன்னு சொல்றாங்க, நீங்க எதாச்சும் பண்ணுங்க. அஞ்சு வருஷமாச்சு பெரியம்மா நான் எங்கம்மா மூஞ்சியப் பாத்து."

நூருல் அமீன் கையைப் பிசைந்தார். பக்கத்து ஊர் ஐஸ்பெட்டி கேட்டுப் பார்த்தாயிற்று, மூன்றும் வெளியே போயிருந்தன. ஓலைப்பந்தலுக்குக் கீழேயே நூற்றெட்டு டிகிரி அடித்தது. "சனிக்கிழமைவரைக்கும் தாங்காதும்மா. இன்னைக்குச் சாயங்காலமே எடுத்துடறதுதான் மரியாதை," என்றார்.

தபீத்தாள் எழுந்தாள். வெயிலில் செருப்பில்லாமல் நடந்து வீட்டுக்குப் போனாள். தகரப்பெட்டியைத் திறந்தாள். புடவையைப் பிரித்து மடிப்பை எடுத்தாள், மறுபடி உள்ளே வைத்தாள், மூடினாள், மூடின பெட்டிமேலேயே உட்கார்ந்தாள். எபி வந்து பார்க்கும்போது எப்படி இருப்பேன், அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நிற்பான், இல்லை, அதற்குள் எடுத்தே விடுவார்கள், வந்து வெறும் மண்ணைப் பார்ப்பான் என்று நினைத்துப் பெட்டி மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதிரே சுவரில் பவுனுவின் கரி எழுத்து கொட்டை கொட்டையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள், எண் மட்டும் மீன் விற்றுக் கற்றுக்கொண்டது, ஏழு என்று போட வேண்டிய இடத்தில் கொக்கி கொக்கியாகப் போட்டிருப்பாள்.

"சரிடி," என்று தபீத்தாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "சரி, எடுத்துக்க. உன்கிட்ட என்னைக்கு நான் ஜெயிச்சிருக்கேன்?"

அவள் கையில் மடிப்பைப் பார்த்ததும் பந்தலில் இருந்தவர்கள் வழி விட்டார்கள். ஒரு வருஷமாக ஒளித்துவைத்திருந்தாளா என்று ஒருத்தி வாயைத் திறந்தாள், டீ மாஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டாள். தபீத்தாள் பவுனுவின் தலைமாட்டில் உட்கார்ந்து கொய்யாப்பழக் கத்தியால் மெதுவாக, ஓரம் பிசிறாமல் வெட்டினாள்.

அதுவரை வந்த குளிரெல்லாம் ஒரு குளிரே இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு மணி அடிக்கிற சத்தத்தோடு வந்தது அது, தெருவெல்லாம் மாவு சலித்ததுபோலப் பனி இறங்கியது, வேப்பிலைகள் வெளுத்தன, பந்தலில் இருந்தவர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் கண்ணால் பார்த்தார்கள். ஊரே ஸ்வெட்டரை எடுத்துவந்து போட்டுக்கொண்டு, பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு, கலையாமல் சனிக்கிழமைவரை பவுனுவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. யாரோ ஒருத்தி காப்பி டம்ளரைத் தபீத்தாள் கையில் வைத்து, "நீங்க எதாச்சும் சாப்புட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். அப்போதுதான் தபீத்தாளுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை ஒரு மணிக்கு அஞ்சலை வந்தாள். அம்மாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்து அப்படியே கிடந்தாள். மூன்று மணிக்கு எடுத்தார்கள். நாலு மணிக்குப் பரங்கித்துறையில் பழைய வெயில் அடித்தது, கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் தரையில் விழுமுன்னே காய்ந்தது.

தபீத்தாள் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு, பெட்டிமேல் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துப்போட்டாள். சுவருக்கு எதிரில் நின்று, கொக்கி கொக்கியாக இருந்ததெல்லாம் ஏழு என்று வைத்து, செல்போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாம் தடவை மணி அடித்தது. எடுத்தது ஒரு பெண்குழந்தை.

என்னமோ கேட்டது, அவளுக்குத் தெரியாத பாஷையில். முப்பத்திரண்டு வருஷம் தெரியாத பாஷைகளுக்குத் தூசி தட்டினவள், தனக்கு ஒரு பேத்தி இருப்பதை அந்தப் பாஷையில் தெரிந்துகொண்டாள்.

"எபி," என்றாள் கடைசியில். "எபநேசர். உங்கப்பாவக் கூப்பிடும்மா."

அப்புறம் குழந்தை வாயைத் திருப்பிக்கொண்டு வீடு அதிரக் கத்தினது, தமிழில்: "அப்பா! அப்பா!"

யாரோ நடந்து வந்தார்கள். போன் கை மாறியது.

"அம்மாவா?" என்றான் எபி. அப்புறம், சின்னப் பிள்ளையில் விளையாடப் போக உத்தரவு கேட்கிற அதே குரலில், "நான் வரலாமாம்மா?" என்றான்.

"குளிரெல்லாம் தீந்துபோச்சுப்பா," என்றாள் தபீத்தாள். "செத்ததுக்கப்புறம் என்னால உனக்காகக் காத்திருக்க முடியாது. உசுரோட இருக்கும்போதே வந்துடு."